பெட்டியடிப் படம்

காசிராஜன் காமிராவில் ஃபிளாஷைப் பொருத்தித் திருகிக்கொண்டிருந்தபோது சுந்தரபாய் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். மெதுவாகத்தான் பிடித்தாள். ஆனால் நேற்றுப் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, அழுதுகொண்டிருக்க வேண்டிய நேரத்தில் ஸ்டுடியோக்காரன் கையைப் போய்ப் பிடித்தால், அது மெதுவாகவா பலமாகவா என்று யார் பார்க்கிறார்கள்? கூடத்தில் பாட்டு நின்றுபோனது.

"இது வேண்டாம் காசி. கழத்திருங்க," என்றாள்.

காசிராஜனுக்கு ஒன்றும் ஓடவில்லை. பெட்டி தயார், ஆட்களும் தயார். தலைமாட்டில் இறந்தவரின் அண்ணன் தேவசுந்தரம் கோட்டுப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். அவர் மனைவி ஜெயபாய் முந்தானையை இழுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, காமிராவைப் பார்க்கத் தொடங்கி வெகுநேரம் ஆயிற்று. புளியங்குடியிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் வந்த சொந்தங்கள் உயரவாரியாகப் பின்னால் நின்றார்கள். பெட்டிக்குள் ஞானஒளிவு, வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, செவ்வந்திப் பூவுக்கு நடுவில், இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலப் படுத்திருந்தார்.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது ஒரு வழக்கம். பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் முழுக்கப் பெட்டியடியில் நின்று ஒரு படம் எடுத்தாக வேண்டும். வர முடியாத சொந்தத்துக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி போகும். வீட்டில் ஒன்றைச் சட்டம் போட்டுக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். ஃபிளாஷ் அடித்ததில் எல்லாருக்கும் கண் பிதுங்கியிருக்கும்; உயிரோடிருப்பவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதுபோல நிற்பார்கள். பெட்டிக்குள் இருப்பவர் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடக்கும். ஒரு வீட்டில்கூட அந்தப் படம் நன்றாக வந்ததில்லை, ஒரு வீட்டிலும் அதை எடுக்காமல் விட்டதுமில்லை.

ஞானஒளிவுக்கு அந்தப் படங்களைக் கண்டாலே ஆகாது. அவர் அப்பா செத்தபோது எடுத்ததைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பாவ ரெண்டாந்தடவ சாவடிச்சிருக்காங்க," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். தேவசுந்தரம் அந்தப் பேச்சை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்படிச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக ஆப்பிளும் பூச்சாடியும் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மிஷனரி அம்மாள் விட்டுப்போன பழைய காமிராவைக் கையில் எடுத்தார், வேலையை விட்டார், காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டார். லடாக்கின் பனி மடங்கள், குஜராத்தில் கட்ச் உப்புப் பாலை, பிரம்மபுத்திராவின் நடுவில் வெள்ளத்துக்கு வெள்ளம் இடம் மாறும் மணல் தீவுகள், அப்புறம் ஈரான், எத்தியோப்பியா. உள்ளூர் ஆடித்தபசுத் திருவிழாவை மட்டும் ஒரு தடவைகூட எடுத்ததில்லை என்று ஊருக்கு அவர் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. பம்பாயில் ஒரு மண்டபம் நிறைய அவர் படங்களை மாட்டினார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வழவழப்பான தாளில் பக்கம் பக்கமாக வந்தன. ஒரு தடவை ஜெர்மனியிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். நிலம் வாங்க வந்திருக்கிறார் என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. அவரோ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, ஒரே ஒரு படத்தின் முன்னால் நின்றார். நின்றவர் நின்றவர்தான். சுந்தரபாய் கொண்டுவைத்த காப்பி ஆடை கட்டி ஆறிப்போனது.

அந்தப் படத்தில் இருந்தது ஒரு மணல்மேடு. மேட்டில் ஒரு ஒட்டகம்கூட இல்லை.

சுந்தரபாய் கணக்கு டீச்சர். மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் வீடு. புருஷனின் படத்தைப் பார்த்து அடுத்தவர்கள் வாயடைத்து நிற்பதைப் பார்த்து அவளும் வாயடைத்து நின்றிருக்கிறாளே தவிர, படத்தைப் பார்த்து நின்றதில்லை. அது அவளுக்குப் பெரிய குறைதான். ஊரார் கேட்டால் பெருமையாக நாலு வார்த்தை சொல்லத் தெரியும். தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள், இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. "வெளிச்சம் இருக்கு," என்றார். மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வெளிச்சத்துக்காகத்தான் அவர் போன இடமெல்லாம் காத்துக் கிடந்தார். இடம் பார்த்துக் காமிராவை முக்காலியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். இடது கையை விரித்து நீட்டி, உள்ளங்கையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். சரியில்லை என்றால் தலைகீழாய் நின்றாலும் அமுக்க மாட்டார். நாள் கணக்காகும், சில சமயம் வாரக் கணக்காகும். அங்கே அவர் காத்திருந்த நாளெல்லாம் இங்கே அவளும் காத்திருந்தாள். அவருக்கு வெளிச்சம் வந்தது. அவளுக்கு அவர் வந்தார்; வந்து, அழுக்குத் துணியைப் போட்டுவிட்டு, அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டினார். பிள்ளைகளும் இல்லாத வீடு. கோபம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. ஆனால் இத்தனை பேரைப் பேச்சற்று நிற்க வைக்கிற ஒன்றை இந்த மனுஷன் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருகிறாரே என்ற மலைப்பு அந்தக் கோபத்தை முழுசாகக் கோபப்பட விடவில்லை.

போன பங்குனியில் நெஞ்சு நோவோடு வந்து சேர்ந்தார். இனி அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேற்கு அறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே ரைஸ்மில் சுவருக்கும் ஒரு வேப்பமரத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. அதன் வழியாகத் தூரத்து மலை தெரியும். ஆனி மாதமெல்லாம் பொழுது இறங்கும்போது அந்த இடைவெளி வழியாக வெயில் அறைக்குள் வந்து எதிர்ச் சுவரில் கொஞ்ச நேரம் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த பிரயாணம். அந்த நேரத்தில் அவளுக்கு அடுப்படியில் வேலை இருக்கும்.

ஆடி பிறந்ததும் மலைப் பக்கமிருந்து மேகம் வந்து மூடிக்கொண்டது. எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆடி அப்படித்தான் இருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, காற்று மட்டும் மண்ணை வாரிக்கொண்டு அடித்தது. அவர் ஒவ்வொரு சாயங்காலமும் கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நேற்றும் காத்திருந்தார். "மேகத்துக்கு அடியில கொஞ்சம் விட்டிருக்கு பாரு. வரும்," என்றார். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டு திரும்பியபோது கை விரித்தபடியே இருந்தது. வெளிச்சம் வரவில்லை.

அதனால்தான் சுந்தரபாய் எழுந்து வந்து ஃபிளாஷைக் கழற்றச் சொன்னாள்.

"பெட்டிய மேற்கு ரூமுக்குக் கொண்டுபோங்க. அங்கன வச்சு எடுப்போம். பொழுது எறங்குத நேரம் ஜன்னல் வழியா வெயிலு வரும். அதுல எடுங்க," என்றாள்.

நாலு மணிக்கு எடுப்பு என்று கோவிலில் அறிவித்தாயிற்று. தேவசுந்தரம் மேலநீலிதநல்லூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஊர்க் கடிகாரங்களைத் திருத்திக்கொள்ளலாம். முதலில் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். குருவானவர் அங்கி போட்டுக்கொண்டு காத்திருக்கிறார், வெளியூர்க்காரர்கள் பஸ் பிடிக்க வேண்டும், இருட்டுவதற்குள் கல்லறைக்குப் போய்ச் சேர வேண்டும், உடம்பும் நேற்றையது. பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டினார். வானம் கழுவாத அலுமினியச் சட்டிபோல இருந்தது.

"சூரியனையே காணும். எந்த வெளிச்சத்துக்கும்மா காத்துக்கிட்டு இருக்கச் சொல்லுத? வராட்டா?"

"வராட்டா ஃபிளாஷ்லயே எடுத்துக்கிடுவோம் அத்தான். நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

"ஊரு சிரிக்கும்."

சுந்தரபாய் வகுப்பில் கணக்கு விளக்குகிற அதே நிதானத்தோடு சொன்னாள். "அவுக எங்கெங்கயோ போயி ஒத்தையில காத்துக் கெடந்தாக அத்தான். ஒரு மேகம் வெலகுததுக்கு, ஒரு நெழலு நீளுததுக்கு. நம்ம யாரும் பக்கத்துல இருந்ததில்ல. அவுக எதுக்கு அப்பிடிக் கெடந்தாகன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இன்னைக்கு ஒரு பொழுது நாம எல்லாரும் அவுக கூட இருந்து பாப்பமே."

தேவசுந்தரம் குருவானவரைத் திரும்பிப் பார்த்தார். குருவானவர் சின்ன வயசுக்காரர், இந்தச் சபைக்குப் புதிது. அவருக்கு இறந்தவரோடு பழக்கம்கூடக் கிடையாது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, இன்னும் ரெண்டு பாட்டுப் பாடுவோமே என்றார்.

ரெண்டு பாட்டு எங்கே ரெண்டோடு நின்றது? அடக்கத்துக்கு உரியதெல்லாம் தீர்ந்தது, ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்துப் பாட்டு தீர்ந்தது, அறுப்புப் பண்டிகைப் பாட்டும் வந்துவிட்டது. இன்னும் தாமதித்தால் கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்துவிடுவார்கள் போலிருந்தது. பக்கத்து வீட்டுக் கோமதித்தாய், அடுப்புப் பற்ற வைக்காத வீட்டுக்குத் தூக்குவாளியில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். வெளியூர்க்காரர்களில் சிலர் வருத்தம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள். ஆனால் போனவர்களைவிட வந்தவர்கள் அதிகம். வெயிலுக்காக ஒரு பெட்டி காத்திருக்கிறது என்ற செய்தி எப்படியோ கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. ஆடித்தபசுக்குக் கடை போட வந்தவர்கள்கூட வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றார்கள்.

மேற்கு அறையில் கட்டிலை எடுத்துவிட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். காசிராஜன் காமிராவை முக்காலியில் நிறுத்திவிட்டு வேட்டி நுனியில் கையைத் துடைத்துத் துடைத்து நின்றான்.

"அண்ணாச்சிய நான் எடுக்கதா டீச்சர்?" என்றான். ஜன்னல் வெளிச்சத்துக்கு லென்சைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும், அந்த நேரம் யாரும் அசையக் கூடாது, எப்போது என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்றான். "நீங்க தலையாட்டுங்க, நான் அமுக்குதேன்."

சரி என்று சொல்லிவிட்டாள். எப்போது தலையாட்ட வேண்டும் என்று அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? வெட்கத்தோடு இடது கையை விரித்துப் பார்த்தாள். சாக்பீஸ் பிடித்து வெடித்த உள்ளங்கை, அதில் ஒரு சாம்பல் நிறம். வேறொன்றும் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று தட்டுப்பட்டது. சற்று முன்னால் இருந்த சாம்பல் இது இல்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவர் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அது ஒரு வெள்ளையாக இல்லை. ஜன்னல் பக்கம் நீலமும் மூலையில் தவிட்டு நிறமுமாக இருந்தது. அதுவும் மேகம் நகர நகர மாறிக்கொண்டே வந்தது. பாட்டும் பேச்சும் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அறையில் காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது.

தேவசுந்தரம் கடிகாரத்தைப் பார்த்தார். இனிமேல் கோபமாகச் சொல்ல அவராலும் முடியவில்லை. "ஆறு ஆகப்போகுது. இதுக்கு மேல முடியாதும்மா," என்றார்.

சுந்தரபாய் ஜன்னலைப் பார்த்தாள். மேகம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கடைசி வரைக்கும் இவருக்குக் கிடைக்கவில்லை, எனக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். சொன்ன சொல் சொன்னதுதான். "ஃபிளாஷ மாட்டிக்கிடுங்க காசி," என்றாள். காசிராஜன் குனிந்து பைக்குள் கையை விட்டான். ஜெயபாய் மறுபடி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அப்போது சுவரில் ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுந்தது.

முதலில் லேசாகத்தான் விழுந்தது, பென்சிலால் கிழித்ததுபோல. அது கறுத்து வரவர, கம்பிகளுக்கு நடுவில் பனம்பழத்தைப் பிளந்த நிறத்தில் வெளிச்சம் ஏறியது. மேகத்துக்கு அடியில், மலைக்கு மேலே, கொஞ்சம் விட்டிருந்த இடத்துக்குச் சூரியன் வந்துவிட்டது. வெயில் படுக்கை வாட்டில் உள்ளே வந்து பெட்டியின் மேல் விழுந்து, சுவரில் பட்டுத் திரும்பி, அறையில் இருந்த ஒவ்வொருவர் முகத்திலும் ஏறியது. செவ்வந்திப் பூவில் ஒவ்வொரு இதழுக்கும் தனியாக ஒரு நிழல் இருந்தது. ஞானஒளிவின் தாடையில் இரண்டு நாள் நரைமயிர் வெள்ளிபோல மின்னியது. அவர் தூங்குவதுபோல இருந்தார் என்று சொன்னால் அது பொய். இறந்துபோன மனிதராகவே இருந்தார். ஆனால் அதில் பயப்படவோ மறைக்கவோ ஒன்றும் இல்லை. அந்த முகம் முடிந்துபோன ஒரு பெரிய காரியம்.

சுந்தரபாய் மெல்ல நிமிர்ந்தாள். தேவசுந்தரத்தின் நெற்றியும் பெட்டிக்குள் இருக்கும் நெற்றியும் ஒன்றாக இருந்தன. முப்பது வருஷத்தில் இதை அவள் பார்க்கவில்லை. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தபடி நின்றார். கோட்டுக்குள் அவர் எவ்வளவு சின்ன உடம்பாக ஆகிவிட்டார். ஜெயபாயின் கம்மல் கல் எரிந்தது. அவள் கழுத்துச் சுருக்கங்களில் வியர்வை கோடு கோடாக நின்றது. கோமதித்தாயின் கையில் காப்பி டம்ளர் அப்படியே இருக்க, அதிலிருந்து எழும்பின ஆவி ஆளைவிட அதிகமாக உயிரோடு இருந்தது. கதவை அடைத்துக்கொண்டு நின்ற கடைக்காரர்கள், பெஞ்சிலிருந்து எழுந்து நின்ற குருவானவர், எல்லா முகமும் கழுவித் துடைத்ததுபோலத் தெரிந்தது. இந்த மூஞ்சிகளோடு எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், சிலதோடு பேசாமலும் இருந்திருக்கிறாள். ஒன்றைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. ஒருவரும் காமிராவைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. கோவிலில்கூட அவளுக்கு இப்படி ஒரு பயம் வந்ததில்லை. இதற்காகவா, இதற்காகத்தானா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அழ வேண்டும் என்றும் தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தால் மறைக்குமே என்றுதான் இருந்தது.

வெளிச்சம் சுவரில் மேலே ஏறி, சிவந்து, ஒரு ஓரமாகத் தேய்ந்தது. ரைஸ்மில் சுவர் சூரியனை வாங்கிக்கொண்டது. கம்பி நிழல் போய்விட்டது. யாரோ இருமினார்கள்.

காசிராஜன் ஃபிளாஷைக் கையில் பிடித்தபடி முக்காலியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றான். அவன் முகம் நனைந்திருந்தது.

"டீச்சர், நான் அமுக்கல," என்றான். "நீங்க தலையாட்டுவீகன்னு பாத்தேன். பெறவு அதையும் மறந்துட்டேன்."

"நானும் மறந்துட்டேன்," என்றாள் சுந்தரபாய்.

ஜெயபாய்க்குத்தான் முதலில் உலகம் ஞாபகம் வந்தது. படம் இல்லாமல் எப்படி, சொந்தக்காரர்களுக்கு எதை அனுப்புவது, இனியாவது ஃபிளாஷில் ஒன்று எடுக்கலாமே என்றாள். தேவசுந்தரம் கண்ணாடியை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"வேண்டாம்," என்றார். "எல்லாரும் பாத்தாச்சுல்லா. பெட்டிய மூடுங்க."

குருவானவர் ஜெபம் சொல்லத் தொடங்கி, சொல்லைத் தேடி இரண்டு தடவை நின்றார். சுந்தரபாய் குனிந்து புருஷனின் நெற்றியில் முத்தமிட்டு, முகத்தை வெள்ளைத் துணியால் மூடினாள். பெட்டியைத் தோளில் தூக்கினார்கள்.

தெருவில் இன்னும் வெயில் இருந்தது. ரைஸ்மில் மறைத்தது வீட்டைத்தான். மேற்கே போகும் ரோட்டில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆண்கள் பாடிக்கொண்டு முன்னால் போக, பெண்கள் பின்னால் நடந்தார்கள். நேரமாகிவிட்டதால் எல்லாரும் எட்டிப்போட்டு நடந்தார்கள். ஊர் முடிகிற இடத்தில் மூக்காண்டி ஆடுகளைப் பத்திக்கொண்டு எதிரே வந்தான். பெட்டியைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆடுகளை ஓரத்துக்கு விரட்டினான். பெட்டிக்கு விலகின ஆடுகள் பெட்டி போனதும் மறுபடி ரோட்டை அடைத்துக்கொண்டன. சூரியன் அவற்றுக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு ஆட்டின் காதும் உள்ளே ரத்தம் ஓடுவது தெரியச் சிவந்திருந்தது. முதுகு மயிரின் ஓரமெல்லாம் பொன்னாக எரிந்தது. கிளம்பின புழுதிகூடக் கீழே விழாமல் நின்றது.

சுந்தரபாய் நடப்பதை நிறுத்தினாள்.

ஜெயபாய் கொஞ்ச தூரம் போன பிறகுதான் பக்கத்தில் ஆள் இல்லாததைக் கண்டு திரும்பி வந்தாள்.

"ஏட்டி சுந்தரபாய், பெட்டி போயிட்டு. வா."

"நீங்க போங்கக்கா. இந்தா வாரேன்."

பாட்டுச் சத்தம் கல்லறைத் தோட்டத்து வளைவில் திரும்பிவிட்டது. ஜெயபாய் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றாள். சுந்தரபாய் நின்ற இடத்திலேயே நின்றாள். ஆடுகள் அவளைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, சேலையை உரசிக்கொண்டு, ஊருக்குள் போய்க்கொண்டிருந்தன.